மாத்திரையை நிறுத்தியது யார்?

"இலவசமாகக் கொடுத்தாலும் சாப்பிட மாட்டார்கள்." சர்க்கரை, இரத்த அழுத்தம் பற்றி எங்கே பேச்சு எழுந்தாலும் இந்த வசனம் வந்து விழுந்துவிடுகிறது. மருத்துவர்கள் சலிப்போடு சொல்கிறார்கள், அதிகாரிகள் புள்ளிவிவரத்தோடு சொல்கிறார்கள். சென்னையிலும் பெங்களூரிலும் இருக்கும் பிள்ளைகள் ஊரிலுள்ள அம்மா அப்பாவைப் பற்றிச் சொல்வதும் இதையேதான். நோயைக் கண்டுபிடித்தாயிற்று, மாத்திரை எழுதிக் கொடுத்தாயிற்று, கவுண்டரில் காசும் வாங்குவதில்லை. அதற்கு மேலும் ஒருவர் மாத்திரையை விட்டுவிட்டால் அது அவருடைய அலட்சியம்தானே என்பது வாதம். இதற்கு ஒரு மருந்தும் வைத்திருக்கிறார்கள்: கண்டிப்பு. மாதாமாதம் நேரில் வரவழைக்க வேண்டுமாம். மொத்தமாகக் கொடுத்துவிட்டால் அப்புறம் ஆஸ்பத்திரிப் பக்கமே தலைகாட்ட மாட்டார்களாம்.

இந்தக் கருத்து தவறு. தவறு மட்டுமல்ல, எந்த நோயைத் தீர்ப்பதாகச் சொல்கிறதோ அதை வளர்க்கவும் செய்கிறது. கம்பம் பள்ளத்தாக்கில் விடிகாலையில் எழுந்து பார்க்கிற யாருக்கும் இது விளங்கும்.

முதலில் எதிர்த்தரப்பின் பலமான ஆதாரத்தை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாடு அரசு 2020இல் நடத்திய ஸ்டெப்ஸ் ஆய்வின்படி, வயது வந்தோரில் 33.9 சதவீதம் பேருக்கு இரத்த அழுத்தம், 17.6 சதவீதம் பேருக்குச் சர்க்கரை. இரத்த அழுத்தம் உள்ளவர்களில் அதைக் கட்டுக்குள் வைத்திருந்தவர்கள் 7.3 சதவீதம் மட்டுமே. சர்க்கரையில் 10.8 சதவீதம். கேட்டால் தூக்கிவாரிப் போடும் எண்கள்தான். அலட்சியக் கட்சிக்காரர்கள் இதைத்தான் காட்டுகிறார்கள். ஆனால் நூறு பேரில் தொண்ணூற்று மூன்று பேர் ஒரு காரியத்தில் தவறினால், தொண்ணூற்று மூன்று பேரும் பொறுப்பற்றவர்கள் என்பதா, காரியத்தை வகுத்த முறையில் கோளாறு என்பதா, எது நியாயமான முடிவு? ஒரு வகுப்பில் ஏழு பிள்ளைகள் மட்டும் பாஸ் ஆனால் தலைமையாசிரியர் முதலில் யாரைக் கூப்பிட்டு விசாரிப்பார்?

கம்பம், கூடலூர், உத்தமபாளையம், கோம்பை, தேவாரம், போடி என்று எந்த ஊரை எடுத்துக்கொண்டாலும் விடிவதற்குள் ஜீப்புகள் கிளம்பிவிடும். குமுளி, கம்பமெட்டு, போடிமெட்டு என மூன்று மலைப்பாதைகள் வழியாகவும் இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்கு ஆள் போகிறது. வண்டன்மேடு, நெடுங்கண்டம், உடும்பன்சோலை, பூப்பாறை. பெரும்பாலும் பெண்கள். தூக்குவாளியில் சோறு, தலைக்கு ஒரு துண்டு, மழைக்கு ஒரு பிளாஸ்டிக் தாள். முழங்கால் முழங்காலை இடிக்க நெருக்கிக்கொண்டு போகிறவர்களில் நாற்பது ஐம்பதைத் தாண்டியவர்கள் நிறையப் பேர். அந்த வயதுதான் பிரஷரும் சுகரும் வந்து சேரும் வயது. அவர்கள் மலையேறும்போது ஆஸ்பத்திரி ஓ.பி. திறந்திருக்காது. இறங்கி வரும்போது மாத்திரை கொடுக்கும் ஜன்னல் மூடியிருக்கும். மாத்திரை வாங்க வேண்டுமென்றால் அன்றைக்கு ஜீப்பில் ஏறக் கூடாது. ஜீப்பில் ஏறாத நாளுக்குச் சம்பளம் கிடையாது. ஏலக்காய் பழுத்துக் கிடக்கிற சீசனில் அடிக்கடி நின்றால் கங்காணி அடுத்த ஆளைப் பார்த்துக்கொள்வார்.

மாதம் ஒரு நாள் என்றால் வருடத்துக்கு 12 நாள் கூலி. கணவன், மனைவி இருவருக்கும் மாத்திரை என்றால், இருவரும் ஒரே நாளில் போனாலும் குடும்பக் கணக்கில் 24 நாள் கூலி போகிறது. "இலவச" மாத்திரையின் விலை இது. கவுண்டரில் யாரும் கேட்பதில்லை என்பதால் இந்த விலை எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. திராட்சைத் தோட்டத்தில் கவாத்து வெட்டுகிறவருக்கும், சின்னமனூரில் வாழைத்தார் சுமக்கிறவருக்கும், ஆற்றுப்பாசன வயலில் நடவு நடுகிறவருக்கும் இதே கணக்குதான். வருசநாட்டு மலையடிவாரத்திலிருந்து வருகிறவருக்கும் மேகமலைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து இறங்குகிறவருக்கும் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரமும் இதோடு சேரும்.

சரி, கூலியை விட்டுவிட்டு வந்தவருக்கு அங்கே என்ன கிடைக்கிறது? ஓ.பி. சீட்டு போட ஒரு வரிசை, டாக்டரைப் பார்க்க ஒரு வரிசை, மருந்து வாங்க மூன்றாவது வரிசை. நடுவில் டாக்டர் நோட்டைப் புரட்டுகிறார், போன மாதம் எழுதியதைப் பார்க்கிறார், கீழே தேதி போட்டு மூன்றே எழுத்து எழுதுகிறார்: சி.எஸ்.டி. பழைய மருந்தையே தொடரவும் என்று பொருள். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. வாசலில் நூறு பேர் நிற்கும்போது நன்றாக இருக்கிற நோயாளிக்கு அவரால் அவ்வளவுதான் செய்ய முடியும். ஆனால் அந்த நூறு பேரில் பாதிப் பேர் ஏன் அங்கே நிற்கிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். அந்த மூன்று எழுத்துக்காக நிற்கிறார்கள். நெரிசலைப் பற்றி ஆஸ்பத்திரிகள் படும் கவலையில் ஒரு பகுதி, ஆஸ்பத்திரியே வரவழைத்துக்கொண்ட நெரிசல்.

மாதாமாதம் பார்த்தால்தானே அழுத்தம் ஏறியிருக்கிறதா என்று தெரியும் என்பார்கள். இதற்கு உலக சுகாதார நிறுவனமே பதில் சொல்லியிருக்கிறது. இரத்த அழுத்த மருந்துகள் குறித்து அது 2021இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, மருந்து ஆரம்பிக்கும்போதும் மாற்றும்போதும் அழுத்தம் இலக்குக்கு வரும்வரை மாதம் ஒருமுறை பார்க்க வேண்டும். கட்டுக்குள் வந்தபிறகு மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை போதும். சர்க்கரைக்குச் செய்யும் எச்.பி.ஏ.1சி. பரிசோதனையும் ஏறத்தாழ மூன்று மாதச் சராசரியைக் காட்டுவதுதான். ஆக, நோய் மூன்று மாதக் கணக்கில் நடக்கிறது, நம் மருந்து ஜன்னல் மட்டும் முப்பது நாள் கணக்கில் நடக்கிறது. அதுவும் போக, இரத்த அழுத்தத்தைச் சரியாக அளக்க நோயாளி ஐந்து நிமிடமாவது பேசாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். வரிசையில் இடித்துப் பிடித்து வந்து நின்றவரின் கையில் பட்டையைச் சுற்றி எடுக்கிற எண், அவருடைய அழுத்தமா, வரிசையின் அழுத்தமா?

பரிசோதனை வேறு, மாத்திரை வழங்குவது வேறு. இந்த இரண்டையும் ஒரே முடிச்சாகப் போட்டதுதான் மூலக் கோளாறு. முடிச்சை அவிழ்த்தால் இரண்டுமே நன்றாக நடக்கும். நிலையாக இருக்கிறவர்கள் வருடத்துக்கு நான்கு முறை வந்தால் போதும் என்றால், அந்த நான்கு முறையும் டாக்டருக்கு நேரம் இருக்கும். பாதத்தைப் பார்க்கலாம், கண்ணுக்கு அனுப்பலாம், சிறுநீரகத்துக்கு இரத்தம் எடுக்கலாம். இன்றைய நெரிசலில் அடிபட்டுப் போவது இவைதான்.

'மக்களைத் தேடி மருத்துவம்தான் வந்துவிட்டதே, இன்னும் என்ன புலம்பல்?' என்று கேட்பவர்கள் உண்டு. வந்தது உண்மை, நல்ல திட்டம் என்பதும் உண்மை. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கினார்கள். மகளிர் சுய உதவிக் குழுக்களிலிருந்து எடுத்த தன்னார்வலர்கள் வீட்டுக்கே போய் பிரஷர் பார்த்து மாத்திரை தருகிறார்கள். ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருது 2024இல் இதற்குக் கிடைத்தது. இந்தத் திட்டத்தின் அடிப்படையையே பாருங்கள்: மாத்திரை நிற்பதற்குக் காரணம் நோயாளியின் குணமல்ல, அவருக்கும் மருந்துக்கும் நடுவில் உள்ள தூரம் என்று அரசு ஒப்புக்கொண்டுதான் இதைத் தொடங்கியது. அலட்சிய வாதத்துக்கு இதைவிடப் பெரிய மறுப்பு வேண்டுமா? இதே திட்டத்தைப் பாராட்டிப் பேசிவிட்டு, அடுத்த மூச்சில் "கொடுத்தாலும் சாப்பிட மாட்டார்கள்" என்று சொல்வது எப்படிப் பொருந்தும்?

ஆனால் இந்தத் திட்டமும் வீட்டில் இருப்பவரையே நம்பியிருக்கிறது. தன்னார்வலர் பகலில் வருகிறார். படுக்கையில் கிடக்கும் பெரியவருக்கு, பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருக்கும் பாட்டிக்கு இது வரப்பிரசாதம். மலையில் ஏலக்காய் எடுத்துக்கொண்டிருப்பவரின் வீடு அந்த நேரம் பூட்டிக் கிடக்கும். வேலை செய்யும் இடத்துக்கே போகும் 'தொழிலாளர்களைத் தேடி மருத்துவம்' 2024இல் வந்தது. நல்லது. எங்கள் தொழிலாளர்கள் வேலை செய்யும் இடமோ கேரளத்தில் இருக்கிறது. தமிழ்நாட்டின் திட்டம் கம்பமெட்டுச் சோதனைச்சாவடியோடு நின்றுவிடும், ஜீப் நிற்காது.

அப்படியானால் இவர்கள் எல்லாம் மாத்திரையே சாப்பிடுவதில்லையா? சாப்பிடுகிறார்கள். அலட்சியக் கட்சியின் கண்ணில் படாதது இதுதான். ஜீப் இறங்கும் சாயங்கால நேரத்தில் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் உள்ள ஏதாவதொரு மெடிக்கலில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். ஒரு அம்மா சுருக்குப்பையைத் திறந்து, மடித்து வைத்த காலி அட்டையை எடுத்து நீட்டுவார். "அண்ணே, இதுல ஒரு பத்து குடுங்கண்ணே." கடைக்காரர் புது அட்டையைக் கத்தரியால் வெட்டிக் கொடுப்பார். சீட்டு எங்கே என்று அவரும் கேட்பதில்லை, இவரும் தருவதில்லை. உடம்பின் மேல் அக்கறையில்லாத ஆளா காலி அட்டையைப் பத்திரப்படுத்தி, மலைக்குக் கொண்டுபோய்க் கொண்டுவந்து, கூலிக் காசில் மாத்திரை வாங்குகிறார்?

அந்த அட்டையைக் கையில் வாங்கிப் பார்த்தால் ஆபத்தும் தெரியும். வெட்டிய துண்டில் மருந்தின் பெயர் பாதிதான் இருக்கும். காலாவதித் தேதி மறுதுண்டோடு போயிருக்கும். அம்லோடிபின் என்றால் இரண்டரை மில்லிகிராமா, ஐந்தா, பத்தா என்பது அந்தக் கிழிந்த ஓரத்தில்தான் இருந்திருக்கும். ஆஸ்பத்திரியில் வாங்கிய அட்டையில் 'தமிழ்நாடு அரசு, விற்பனைக்கு அல்ல' என்ற வாசகத்தோடு மருந்தின் பொதுப்பெயர் இருக்கும். கடையில் வாங்கியதில் கம்பெனிப் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கும். இரண்டும் ஒரே மருந்து என்று தெரியாமல் இரண்டையும் சேர்த்துப் போட்டுக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். பத்து மாத்திரையை இருபது நாளைக்கு இழுக்க ஒன்றுவிட்டு ஒருநாள் போடுபவர்கள் உண்டு. வீட்டுக்காரர் அட்டையிலிருந்து எடுத்துப் போட்டுக்கொள்ளும் மனைவிமார் உண்டு. அட்டினோலால் போன்ற மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் அழுத்தம் எகிறும், இதயநோய் உள்ளவருக்கு நெஞ்சுவலிகூட வரலாம். மாதாந்திரக் கண்டிப்பு இவர்களை ஆஸ்பத்திரிக்கு இழுத்து வரவில்லை. யாருடைய மேற்பார்வையும் இல்லாத, முடிவுத் தேதியே இல்லாத ஒரு காலி அட்டையிடம் தள்ளிவிட்டிருக்கிறது.

இனி சட்டத்துக்கு வருவோம். "தொடர் மருந்துக்கு ஒரே சீட்டில் பலமுறை கொடுக்க நம் நாட்டில் வழியில்லை, அதெல்லாம் லண்டனில்தான்" என்று படித்தவர்களே பேசுகிறார்கள். இங்கிலாந்தில் குடும்ப மருத்துவர் ஒருமுறை அனுமதித்துவிட்டால் குறிப்பிட்ட காலம்வரை அதே மாத்திரைகளைச் சொல்லி வைத்து மருந்துக்கடையில் வாங்கிக்கொள்ளலாம் என்பது உண்மை. இங்கே வழியில்லை என்பது பொய். மருந்துகள் விதிகள், 1945இல் விதி 65ஐப் பாருங்கள். மருத்துவர் சீட்டின் பேரில் மட்டுமே விற்க வேண்டிய மருந்துகளைப் பற்றி அது சொல்வது: ஒரு சீட்டுக்கு ஒருமுறைதான் மருந்து வழங்கலாம், மருத்துவர் அதிலேயே மீண்டும் வழங்கலாம் என்று எழுதியிருந்தால் ஒழிய. எத்தனை முறை, எவ்வளவு இடைவெளியில் என்று அவர் குறித்திருந்தால் அதன்படியே வழங்க வேண்டும். ஒவ்வொரு முறையும் கடைக்காரர் தன் கடையின் பெயர், முகவரி, தேதியை அந்தச் சீட்டிலேயே எழுத வேண்டும்.

லண்டன்காரர்களைப் பார்த்து நாம் ஏங்கும் ஏற்பாட்டின் கரு இங்கே விதிப்புத்தகத்தில் தூங்கிக்கொண்டிருக்கிறது. எழுதுவதற்குத்தான் ஆளில்லை. மாதம் ஒருமுறை வீதம் மூன்று முறை என்று மருத்துவர் ஒரு வரி எழுதினால், அந்தச் சீட்டுக்கு முடிவுத் தேதி வந்துவிடுகிறது. கடைக்காரருக்கு நாலாவது முறை மறுக்க ஆதாரம் கிடைக்கிறது. நோயாளிக்குச் சுருக்குப்பையில் வைத்துக்கொள்ள முழுப் பெயரும் அளவும் உள்ள ஒரு தாள் கிடைக்கிறது. மேற்பார்வை வேண்டும் என்று கேட்பவர்களுக்கு இதுதான் மேற்பார்வை. காலி அட்டையில் அது இல்லை.

தனியார் மருத்துவர்கள் சிலர் இதை விரும்பாததற்கு ஃபீஸ் ஒரு காரணம் என்று ஊரில் பேசிக்கொள்வார்கள். எல்லாரையும் அப்படிச் சொல்வது நியாயமில்லை. வழக்கு வந்துவிடுமோ என்ற பயமும் இருக்கிறது. அந்தப் பயத்துக்கும் ஆதாரம் குறைவு. 2020 மார்ச் 25 அன்று மத்திய அரசு வெளியிட்ட தொலைமருத்துவ வழிகாட்டுதல்கள், நேரில் பார்த்து ஆறு மாதத்துக்குள் அதே நோய்க்காக அதே நோயாளி தொடர்புகொண்டால் அதைத் தொடர் ஆலோசனையாக ஏற்கின்றன. பழைய மருந்தைத் தொடர எழுதித் தரவும் இடம் தருகின்றன. காஸ் சிலிண்டருக்கு ஒரு மிஸ்டு கால் கொடுத்தால் போதும் என்றாகிவிட்ட காலத்தில், பிரஷர் மாத்திரைக்கு மட்டும் டோக்கன் போட்டு இரவு ஒன்பது மணிவரை உட்கார வைப்பதற்கு மருத்துவக் காரணம் எதுவும் இல்லை.

மொத்தமாகக் கொடுத்தால் வீணாகும், விற்றுவிடுவார்கள் என்ற ஆட்சேபத்துக்கு அதிக இடம் தர வேண்டியதில்லை. சில காசு பெறும் மெட்ஃபார்மினை விற்று யாரும் தோட்டம் வாங்கிவிட முடியாது. எச்.ஐ.வி. மருந்தைவிடக் கண்டிப்பு தேவைப்படும் மருந்து வேறு எது? அந்த ஏ.ஆர்.டி. திட்டத்திலேயே, நிலையாக இருப்பவர்களுக்கு மூன்று மாத மருந்தைச் சேர்த்துத் தரும் முறை வந்துவிட்டது. இலங்கையில் 2020 ஊரடங்கின்போது அரசு மருத்துவமனைகளின் கிளினிக் நோயாளிகளுக்குத் தபால்காரர் வழியாக வீட்டுக்கே மருந்து போனது. இருப்பு போதாது என்பது ஓரளவு நியாயமான கவலை. ஆனால் மூன்று மாதத்துக்குச் சேர்த்துக் கொடுப்பதால் ஒருவர் வருடத்துக்குச் சாப்பிடும் மாத்திரையின் எண்ணிக்கை கூடிவிடப் போவதில்லை. முதல் சுற்றில் மட்டும் கூடுதல் இருப்பு வேண்டும். 1994இல் தொடங்கி, ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் பாஸ்புக் வைத்து மருந்துக் கணக்கு நடத்தி மற்ற மாநிலங்களுக்கு வழிகாட்டிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்துக்கு இது பெரிய வித்தையா?

எல்லாருக்கும் மூன்று மாதம் என்று நான் சொல்லவில்லை. புதிதாக மருந்து ஆரம்பித்தவர், அளவு மாறிக்கொண்டிருப்பவர், கர்ப்பிணி, சிறுநீரகக் கோளாறு உள்ளவர் மாதாமாதம் வரத்தான் வேண்டும். ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டில் மூன்று மாத இன்சுலினைக் கொடுப்பது கெடுதல். தூக்க மாத்திரைக்கு இந்தச் சலுகை கூடவே கூடாது. கடையில் வாங்குவது காசு செலவு என்பதும் சரி. 2025 பிப்ரவரி 24இல் ஆயிரம் முதல்வர் மருந்தகங்களைத் திறந்த பிறகு அந்தச் செலவு குறைய வழியிருக்கிறது. ஆனாலும் அரசு மாத்திரை அரசு ஜன்னலிலேயே மூன்று மாதத்துக்குக் கிடைப்பதற்கு அது ஈடாகாது. வாரத்தில் ஒருநாளாவது அந்த ஜன்னலை ஜீப் இறங்கும் நேரம்வரை திறந்து வைக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை காலை திறந்தாலும் சரி.

அதுவரை நீங்கள் செய்யக்கூடிய காரியம் ஒன்று இருக்கிறது. உங்கள் பிரஷரும் சுகரும் கட்டுக்குள் இருந்தால், அடுத்த முறை தனியார் மருத்துவரிடம் போகும்போது, சீட்டின் அடியில் "மாதம் ஒருமுறை வீதம் மூன்று முறை வழங்கலாம்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லிக் கேளுங்கள். அப்படி எழுதச் சட்டமில்லை என்றால், விதி 65 என்று சொல்லுங்கள். மெடிக்கலிலும் ஒவ்வொரு முறையும் கடைப் பெயரையும் தேதியையும் அந்தச் சீட்டில் போடச் சொல்லுங்கள். காலி அட்டையை நீட்டாதீர்கள்.